சிங்கிக்கு யார் நாள் எண்ணுவது?

டாஸ்மேனியாத் தீவின் தெற்கே, ஹுவான் ஆற்றுமுகத்தில், வார்ட்லா குடும்பத்துச் சரக்கை யாரும் குறை சொன்னதில்லை. நான்கு தலைமுறையாகச் சிங்கி இறால் பிடிக்கிறோம். கரைக்கு வரும் ஒவ்வொரு சிங்கியின் கொம்பிலும் எங்கள் பெயர் அச்சிட்ட நீலப் பட்டையைக் கட்டுவோம். முட்டை சுமந்த சிங்கியை என் தகப்பனார் ஒருநாளும் கரையேற்றியதில்லை. நானும் ஏற்றியதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சால்மன் மீன் பண்ணைக்காரர்கள் எங்கள் பாறைத் திட்டையொட்டித் தங்கள் வட்ட வலைகளை மிதக்கவிட்டார்கள். அன்று முதல் அந்தக் கம்பெனியின் கடிதம் எதையும் நான் பிரிப்பதில்லை. உறை நேராக அடுப்புக்குப் போகும். என் மகள் மார்னி அங்கேயே மீன் மருத்துவப் பிரிவில் சேர்ந்த பிறகும் இதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஞாயிறு சாப்பாட்டுக்கு அவள் வருவாள். வேலையைப் பற்றி என் மேசையில் பேசக் கூடாது என்பது விதி.

இந்தப் பிப்ரவரியில் கடல் சூடேறி, நோய் கண்டு பண்ணையில் மீன்கள் செத்து மிதந்தன. நான் வழக்கம்போல வலைகளின் ஓரத்திலேயே பொறிக்கூடுகளை இறக்கினேன். அது எங்கள் இடம். கூடுகள் நிறைந்து வந்தன.

மூன்றாம் வாரம் சரக்கு வாங்கும் டார்சி துறைக்கு வந்தான்.

"பெருசு, சோதனையில உன் நீலப்பட்டைச் சிங்கியில ஆன்டிபயாடிக் இருக்குன்னு மொத்த லோடையும் திருப்பிட்டாங்க."

"ஏன்டா, சிங்கிக்குக் காய்ச்சல்னு நான் மாத்திரை கொடுத்தேனா?"

"நீ கொடுக்கல, பண்ணைக்காரன் கொடுத்தான். தீனியில மருந்து கலந்திருக்கான். சால்மன் தின்னது போக மிச்சம் அடியில விழும்ல? அத உன் சிங்கி பொறுக்கித் தின்னிருக்கு. மத்தவன்லாம் ரெண்டு வாரமா அந்தப் பக்கமே போகல. உனக்கு லெட்டர் வரலயா?"

நான் கயிற்றைச் சுருட்டினேன்.

மறுநாள் காலை அரசு அதிகாரி ஜோலிஃப் அம்மையார் படிவத்தோடு துறைக்கு வந்தார். டார்சி முன்பே வந்து நின்றிருந்தான். மார்னியையும் வரச் சொல்லியிருந்தார்கள். மருந்து போடுவதற்கு முன் அக்கம்பக்கத்து மீனவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பண்ணை உரிமத்தின் நிபந்தனை. அந்தக் கடிதங்களை எழுதி வீடு வீடாகச் சேர்த்தவள் அவள்தான்.

"மிஸ்டர் வார்ட்லா, அறிவிப்பு உங்க கைக்கு வந்துச்சா? வரலன்னா குத்தம் பண்ணை மேல. சேர்க்க வேண்டியவங்க பதில் சொல்லணும்."

டார்சி எனக்குக் கண்ணைக் காட்டினான். 'வரவில்லை' என்று ஒரு சொல் போதும், நீலப் பட்டைக்குக் கறை இல்லை. பன்னிரண்டு வருடக் கோபமும் தீரும். மார்னி என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் கையிலிருந்த கடித நகலின் அடியில் கையெழுத்து தெரிந்தது: எம். வார்ட்லா.

அதுவும் எங்கள் பெயர்தான்.

"வந்துச்சு. பிரிக்காமலே எரிச்சேன். தப்பு என்னோடது. எழுதிக்குங்க."

"நாசமாப் போச்சு," என்றான் டார்சி.

"இன்னொன்னும் எழுதுங்கம்மா. மருந்து தின்ன சால்மன எப்ப விக்கலாம்?"

"மருந்து உடம்ப விட்டுப் போக இத்தனை நாள்னு கணக்கு இருக்கு. அதுவரைக்கும் விக்கக் கூடாது."

"அடியில கெடக்கிற சிங்கிக்கு யாரு நாள் எண்ணுறது?"

அவர் படிவத்தைப் புரட்டினார். "அதுக்கு இதுல இடம் இல்லயே."

"பின்பக்கம் காலியாத்தான இருக்கு?"

மார்னி முதல் முறையாக வாய் திறந்தாள். "எழுதுங்க மேடம். மருந்து நிறுத்தின பிறகும் அடிமண்ணுல இருந்துச்சு. சோதிச்சவ நான்தான். மேலதிகாரிகிட்டயும் சொல்லிட்டேன்."

ஜோலிஃப் அம்மையார் தாளைத் திருப்பி எழுதினார். எழுதி முடித்ததும் நானும் மார்னியும் கீழே கையெழுத்திட்டோம்.

அவர் போனபின் கேட்டேன், "லெட்டர வச்சுட்டுப் போனவ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லவா? எந்த மேசையில வச்சுச் சொல்றதுப்பா?"



மதியம் கூடுகளை எடுக்கப் படகை அவிழ்த்தேன். கேட்காமலே அவளும் ஏறிக்கொண்டாள். அகப்பட்டிருந்த சிங்கிகளை ஒவ்வொன்றாகக் கடலில் விட்டோம். எந்த மருந்து, எத்தனை மூட்டைத் தீனி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். புரியாத இடத்தில் படகை மெதுவாக்கி, திரும்பச் சொல்லச் சொன்னேன்.