நாலு பேர் வைத்த தோட்டா

துப்பாக்கி வெடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அந்த வீட்டில் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது.

"பாப்பா பூவ இழுத்துச்சு, படார்னு வெடிச்சுப்போச்சு. ஆத்தா புண்ணியத்துல ஆருக்கும் ஒண்ணும் ஆகல." பொன்னம்மா ஹனூரில் இருக்கும் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காவேரி சமையலறை வாசலில் நின்று தலைமுடியிலிருந்து துவரம்பருப்பை உதறிக்கொண்டிருந்தாள். மாமியாரின் குரல் நடுங்கியது. ஆனால் அந்த வாக்கியத்தில் நடுக்கம் இல்லை. பல வருஷம் சொல்லிப் பழகியதுபோல் வழவழப்பாக வந்தது.

வெளியே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அச்யுத் தலையை நீட்டினார். "என்ன விஜய், அப்படி ஒரு சத்தம்?"

"பட்டாசு சார். ஆயுத பூஜை இல்லையா, பக்கத்துல யாரோ போட்டாங்க" என்றான் காவேரியின் கணவன் விஜய்குமார். சொல்லிவிட்டுக் காருக்குப் போட்ட மாலையைத் தேவையில்லாமல் சரிசெய்தான்.

கூடத்தில் பலகைமேல் துப்பாக்கி அப்படியே கிடந்தது. சாமுண்டீஸ்வரி படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, குழல் முனையைச் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. யாரும் அதன் பக்கம் போகவில்லை. வெடிமருந்து நெடி ஊதுபத்தி வாசனையோடு கலந்து நின்றது.

விஜய்குமாரின் அண்ணன் கிருஷ்ணராஜ் ராமாபுரத்தில் விவசாயம் பார்க்கிறார். காட்டுப்பன்றிக்குப் பயந்து பயிர்க்காவலுக்காக அவருடைய அப்பா லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த துப்பாக்கி அது. அப்பா போனபின் லைசன்ஸ் கிருஷ்ணராஜ் பெயருக்கு வந்தது. அம்மா மைசூரில் சின்ன மகன் வீட்டில் இருப்பதால், அம்மா இருக்கும் இடத்தில்தான் பூஜை என்று விஜயநகரில் இருக்கும் இந்த வீட்டுக்கே அதைக் கொண்டுவந்திருந்தார். போன வருஷம் துக்கத்தில் பண்டிகை இல்லை. அப்பா இல்லாமல் அவர்களே செய்யும் முதல் ஆயுத பூஜை இதுதான்.

காவேரிக்கு நடந்தது முழுவதும் ஒரே ஓசையாகத்தான் நினைவிருந்தது. வாகனங்களுக்குச் சுற்றி உடைக்கும் பூசணிக்காயை எடுக்கச் சமையல் மேடைக்குக் கீழே குனிந்தாள். வீடே இடிந்ததுபோல் ஒரு சத்தம். முதுகில் பருப்பு கொட்டியது. மேல் அலமாரி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்தபோது அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. எவர்சில்வர் டப்பாவில் கைவிரல் நுழையும்படி ஓட்டைகள். அவள் நின்றிருந்தால் தலை இருந்திருக்கக்கூடிய உயரம்.

கூடத்தில் அவள் மகள் தன்மயி பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடி இருந்தாள். ஒரு கையில் பூச்சரத்தின் அறுந்த நுனி. பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நொடியில் காவேரிக்குள் எழுந்தது பயம்கூட இல்லை. 'என்ன காரியம்டி பண்ணினே' என்ற கோபம்தான். சொல்லவில்லை, நினைத்தாள். நினைத்ததில் ஒரு நிம்மதி இருந்ததை இப்போதுதான் கவனித்தாள். ஒரு ஆளைக் காட்டிவிட்டால் மற்றவர்கள் கைகழுவிக்கொண்டு உட்காரலாம்.

ஒரு வாக்கியம் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று காவேரிக்குத் தெரியும். அவள் கல்யாணமாகி ராமாபுரத்துக்கு வந்த கோடையில் தோட்டத்துக் கிணறு வற்றியது. அந்த வட்டாரத்தில் எல்லாக் கிணறுகளும்தான் வற்றின. ஆனாலும் 'காவேரி வந்த வருசந்தான் நம்ம கெணறு வத்துச்சு' என்பது இன்றைக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் யார் வாயிலிருந்தாவது வரும். கெட்ட எண்ணம் இல்லை, பேரை வைத்து ஒரு வேடிக்கை. அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து, எங்காவது குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட ஒரு கணம் தன்னையே சந்தேகப்படும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. அது வெறும் கிணறு. தன்மயிக்கு வரப்போவது அம்மாவைச் சுடப்பார்த்தவள் என்ற வேடிக்கை.

அவள் அறைக்கதவைத் தட்டினாள்.

"பேடம்மா. ஹோகு." வேண்டாம், போ என்று உள்ளேயிருந்து கன்னடத்தில் வந்தது. பயந்தாலும் கோபித்தாலும் தன்மயிக்குக் கன்னடம்தான்.

"தாழ் போடலை நீ. வரேன்."

கட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் மேடையேறி விவாதம் செய்யும் பெண். இப்போது எட்டு வயதுபோல் இருந்தாள்.

"காது கேக்குதா?"

"ஙொய்னு இருக்கு." பிறகு தேவைக்கு மேல் சத்தமாக, "நீ குனியலைன்னா நான் கொன்னிருப்பேன்" என்றாள்.

காவேரிக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது வெறும் அம்மா சொல். அடுத்த அறையில் அந்த வாக்கியம் இருக்கும்வரை இந்த 'இல்லை'க்கு மதிப்பில்லை.

"நீ எதைப் பிடிச்சு இழுத்தே?"

"பின்னாடி கொக்கி மாதிரி ஒண்ணு நிக்குதில்ல, அதுல பூவை மாட்டினேன். தாத்தா பூஜைக்கு வெச்சப்ப எடுத்த போட்டோவுல அந்தப் பக்கம்தான் பூ இருந்துச்சு. தொங்கிட்டே இருந்துச்சு. நீதானே உள்ளேயிருந்து..." நிறுத்திக்கொண்டாள்.

"நான்தானே என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. காவேரிக்கு ஞாபகம் வந்தது. உண்மையில் அது எங்கும் போகவில்லை. பருப்பை உதறும்போதே தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. பூசணிக்காய்க்குக் குனிவதற்கு முன்னால் அவள்தான் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: 'பூ தொங்குது பாரு, நல்லா இழுத்துக் கட்டு!'

இந்தப் பெண் அதைச் சொல்லாமல் விழுங்குகிறாள். அம்மாவைக் காப்பாற்றுவதற்காக.

காவேரி எழுந்தாள். "முகத்தைக் கழுவிட்டுக் கூடத்துக்கு வா. வராம இருக்காதே."

கிருஷ்ணராஜ் வாசற்படியில், எலுமிச்சம்பழம் வைத்த ஸ்கூட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் லைசன்ஸ ஒப்படைச்சுப் போடறேன் அம்முணி. எந்தப் பன்னி வேணா வந்து தின்னுட்டுப் போகட்டும்" என்றார் நிமிராமல்.

"அது உங்க இஷ்டம் மாமா. அதுக்கு முன்னாடி உள்ள வாங்க. அதை யாராவது திறந்து பாக்கணும். இன்னும் என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே தோட்டாதான் போகும். வெடிச்சாச்சு."

"காலையில அது காலின்னு எல்லாரும் நெனச்சோம்."

அவர் எழுந்து வந்தார். எல்லோரையும் துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பின்பக்கம் வரச்சொன்னாள் காவேரி. பொன்னம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்மயி சுவரோடு சுவராக நின்றாள். கிருஷ்ணராஜ் பூவை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். குழல் முனையை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, மேலிருந்த தாழைத் தள்ளிக் குழலைக் கீழே மடித்தார். காலித் தோட்டா வெளியே வந்து தரையில் உருண்டது. அதைப் பார்த்ததும் விஜய்குமார் ஒரு எட்டு பின்வாங்கினான்.

"அதுல தோட்டா எப்படிண்ணா வந்துச்சு?" என்றான்.

"நாந்தேன் போட்டேன். பூஜைக்கு முந்தி."

"ஏன்?"

கிருஷ்ணராஜ் அம்மாவைப் பார்த்தார். பொன்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை ஏன் பாக்கற? சாமி முன்னால வெறுசா எதையாச்சும் வெப்பாங்களா? படியில அரிசி இருக்கோணும், பர்சுல காசு இருக்கோணும். உங்கப்பன் இருந்தவரைக்கும் தோட்டா போட்டுத்தான் வெச்சாரு. ஒரு வருசம் வெடிச்சுதா?"

"வெடிக்கலை அத்தை" என்றாள் காவேரி. "மாமனார் போட்டப்புறம் என்ன செய்வாரு? நீங்க பாத்திருக்கீங்க, சொல்லுங்க."

"என்ன செய்வாரு... அவரே பலகையில வெப்பாரு. அவரே பூ வெப்பாரு, கட்டைமேல மட்டும். ஆரையும் கிட்ட விடமாட்டாரு. மறுநா காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னால எடுத்துப்போடுவாரு." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது.

"குழல் எந்தப் பக்கம் இருக்கும்?"

"செவுத்துப் பக்கம்."

விஜய்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான். "டிவி ஸ்டாண்ட் இடிக்குதுன்னு நான்தான் பலகையைத் திருப்பினேன். சமையல்கட்டைப் பாத்து. அண்ணன் கொண்டுவந்தா காலியாத்தான் இருக்கும்னு..."

"நான் போட்டது உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா" என்றார் கிருஷ்ணராஜ். "பூ வெக்கறது எப்பவும் கட்டைமேலதானே. குதிரையில மாட்டுவாங்கன்னு..." குதிரை என்று அவர் தொட்டுக்காட்டியது தன்மயி கொக்கி என்று சொன்னதைத்தான். "இது பழசு. பாதி மேல வந்து நழுவினாக்கூடப் போதும், அடிச்சுப்போடும்."

காவேரிக்கு இப்போது முழுசாகத் தெரிந்தது. ஒரே ஆள், எல்லாம் தெரிந்து, தன் கையாலேயே செய்த வேலை அது. அந்த ஆள் போனபின் வேலையைத் துண்டு துண்டாக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். தெரிந்ததை மட்டும் யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவர் செய்ததும் சரியான வேலை அல்ல. இத்தனை வருஷம் தப்பித்தார், அவ்வளவுதான்.

அவள் துண்டு இன்னும் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே இந்தப் பேச்சை முடித்துவிடலாம். தன்மயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் சொல்லமாட்டாள்.

"இழுத்துக் கட்டுன்னு கத்தினது நான்" என்றாள் காவேரி. "அவ கட்டினா."

தன்மயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, கிணறு வத்துனதுக்கு இருபத்தி ரெண்டு வருஷமா நானும் சிரிச்சிட்டிருக்கேன். இதுக்குச் சிரிக்கமாட்டேன். பாப்பா பூவ இழுத்தா வெடிச்சிருச்சுன்னு இந்த வீட்டுல இனிமே யாரும் சொல்லக்கூடாது. நாம நாலு பேரும் சேர்ந்து நிரப்பி வெச்சோம். அவ கடைசியா வந்தா."

மாமியார் முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்று காவேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பொன்னம்மா, "கெணத்துக்கு நீ மனசு நோவேன்னு எனக்குத் தெரியாது சாமி" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க கேட்டிருக்கலாமில்ல அத்தை."

"வாயப் பாரு" என்றாள் பொன்னம்மா. ஆனால் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவளுக்குப் பேசத் தெரியும். "அடியே, மொதல்ல சொன்னேனே, அது அப்படியில்ல. பாப்பா மேல குத்தமில்ல. தோட்டா போடச்சொன்னது நான்... இல்ல, போட்டது பெரியவன்... பலகை திரும்பியிருந்துச்சு... எந்தப் பலகையா? இருடி, முழுசாக் கேளு."

அந்தப் பக்கம் தங்கை பொறுமையிழந்து, "அட, ஆரு வெடிச்சா? அதைச் சொல்லக்கா!" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பொன்னம்மா விடவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அது சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. வராதது நல்லது என்று காவேரி நினைத்துக்கொண்டாள். இதை விருந்துப் பந்தியில் வேடிக்கையாகச் சொல்ல முடியாது.

"நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் கிருஷ்ணராஜ். "வெடிச்சதை மறைச்சா நாளைக்கு இன்னொருத்தன் கையில வெடிக்கும்."

"நானும் வரேண்ணா. போறப்ப அச்யுத் சார்கிட்டயும் உள்ளதைச் சொல்லணும். பட்டாசுன்னுட்டேன்" என்றான் விஜய்குமார்.

கிருஷ்ணராஜ் மிச்சத் தோட்டாக்கள் இருந்த பெட்டியை எடுத்துப்போய் விஜய்குமாரின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். துப்பாக்கியை மூடி உறையில் போடப்போனவரைத் தன்மயி தடுத்தாள்.

"மூடாதீங்க பெரியப்பா. திறந்தே இங்க குடுங்க."

அவர் தயங்கிக் காவேரியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. காவேரி சொல்லவில்லை.

மடிந்த குழலோடு துப்பாக்கியை வாங்கித் தன்மயி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். பின்வாய் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். விரலில் கரி ஒட்டிக்கொண்டது. ஒரு முறைகூடக் குழல் முனையை யார் பக்கமும் திருப்பவில்லை. பிறகு, அவளுடைய விவாதமேடைக் குரலில், ஆனால் மெதுவாக, "மூடின துப்பாக்கியை இனிமே யார் குடுத்தாலும் நான் தொடமாட்டேன். யார் காலின்னு சொன்னாலும் சரி" என்றாள். "உங்க கையிலிருந்து அப்பா வாங்கினாலும் இப்படித் திறந்துதான் வாங்கணும். அவர் பாக்கணும், நீங்களும் பாக்கணும். சும்மா சொன்னா ஒத்துக்கக்கூடாது."

"சரி கண்ணு" என்றார் கிருஷ்ணராஜ்.

பொன்னம்மா போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அப்ப பூஜை? சாமிக்குத் தீபம்கூடக் காட்டல."

"காட்டலாம் அத்தை. திறந்தபடியே இருக்கட்டும்."

"வெறுசாவா?"

பொன்னம்மா கொஞ்ச நேரம் அந்தத் துப்பாக்கியையும், சமையலறையில் ஓட்டை விழுந்த டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அரிசிப் படிக்குச் சொன்னதை இதுக்கும் சொல்லிப்போட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து, குழல் சுவரைப் பார்க்கும்படி பலகையைத் தானே இழுத்துத் திருப்பினாள். டிவி ஸ்டாண்ட் இடித்தது. விஜய்குமார் ஓடிவந்து டிவி ஸ்டாண்டை நகர்த்தினான்.

"பாப்பா, பூ வெக்கறியா?" பொன்னம்மா கேட்டது வழக்கத்தைவிட மிருதுவாக இருந்தது.

தன்மயி செவ்வந்திச் சரத்தைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம் பாட்டி. அடுத்த வருஷம் வெக்கறேன்."

காவேரி கற்பூரம் தேடும் சாக்கில் சமையலறைக்குள் போனாள். தரையெல்லாம் பருப்பு. முறத்தை எடுத்து உட்கார்ந்து அள்ளத் தொடங்கினாள். அடுத்த வருஷம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அதற்குமேல் இன்றைக்கு அவளிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

பின்னாலேயே தன்மயி வந்து நின்றாள். "அம்மா, பசிக்குது. சாம்பாருக்குப் பருப்பு இதுதானா?"

"இதுல ஈயக்குண்டு இருக்கும்டி. கடைக்குப் போய் வாங்கிட்டு வா."

"நீயும் வா" என்றாள் தன்மயி.