மஞ்சள் வாளியில் போன பிரஷ்

காலை ஆறு மணிக்குக் கோர்ன் எழுந்தான். போர்வையை மடித்தான், சோற்றுக் குக்கரைப் போட்டான், பல் தேய்க்கப் போனான். கழுவுதொட்டியில் இளஞ்சிவப்பு நுரை கிடந்தது. யாரோ அப்போதுதான் துப்பியது போலக் குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன. வீட்டில் அவன் மட்டும்தான். மழையில் ஸ்கூட்டர் சறுக்கி இறந்த அவன் மனைவி நுய்யின் நூறாம் நாள் சடங்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அவன் நுரையைக் கழுவிவிட்டு, பல் தேய்த்து, வேலைக்குப் போனான். மறுநாளும் நுரை இருந்தது. சிவப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

தாய்லாந்தின் திராங் நகரில் இதற்கு விளக்கம் தேட வெகுநேரம் ஆவதில்லை. இறந்தவர்களுக்கு வேண்டியதை மஞ்சள் வாளியில் போட்டு, பிக்குவின் கையில் கொடுத்து, கிண்ணத்தில் நீர் வார்த்தால் அவர்களுக்குப் போய்ச் சேரும். வாளியை நிரப்பும் சிரமம்கூட யாருக்கும் இல்லை. விகாரை வாசலிலேயே கண்ணாடித்தாள் சுற்றி அடுக்கியிருக்கும். மேலே பெரிய பற்பசைப் பெட்டி, அடியில் கசக்கிய செய்தித்தாள். துக்கத்தின் அளவை வாளியின் அளவைக் கொண்டுதான் ஊர் கணிக்கும் என்பதால் கோர்ன் சடங்குக்கு இருப்பதிலேயே பெரியதை வாங்கியிருந்தான். அதற்குள் இருந்த பிரஷ் தரை தேய்க்கத் தகுந்தது. நுய்யோ, மாங்காயைக் கடித்தாலே ஈறில் ரத்தம் வரும் பெண்.

வாளிக் கடைக்காரி சுவாரியிடம் போனான்.

“அக்கா, வாளியில இருந்த பிரஷ் ரொம்ப முரடு. அவளுக்கு ரத்தம் வருது.”

“இத்தனை வருஷமா விக்கிறேன், செத்தவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்லப்பா. உன் பொண்டாட்டிக்கு மட்டும் அப்படி என்ன வாய்?”

“உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்.”

மருந்துக்கடையில் எல்லா பிரஷ்ஷும் மென்மையாக இருந்தன: மென்மை, மிக மென்மை, மேகம்போல மென்மை. தன்னை முரடு என்று ஒப்புக்கொண்ட பிரஷ் ஒன்றுகூட இல்லை. அவன் சின்னத் தலையும் மெல்லிய நுனியும் கொண்ட ஒன்றை எடுத்தான். பற்பசைகளில் ஒன்று உப்பு, ஒன்று கிராம்பு எரிச்சல், ஒன்று பல்லை முத்தாக வெளுக்கவைப்பதாகச் சொன்னது. நுய் இருக்கும் இடத்தில் அவள் பல்லின் வெளுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? காரமில்லாத, நுரை குறைந்த ஒன்றை வாங்கினான்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “புத்தர் பேரைச் சொல்லிக்கிட்டே போனவ என் பொண்ணு. அவளுக்குப் போய் பல்லு விளக்குற சாமான் வாங்கிட்டு அலையிறியே!” என்றாள். மகள் போனபோது மாமியார் அங்கே இல்லை என்பது அந்தத் தகவலின் உறுதியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

பிரஷ்ஷும் பசையும், முதல் வாளியை வாங்கிய அதே பிக்கு தாவர்ன் கைக்குப் போயின. நீர் வார்க்கப்பட்டது. மறுநாள் நுரை வெளிறியிருந்தது, ஆனாலும் சிவப்புதான். கோர்ன் அடுத்த விடிகாலையில் விகாரைக்குப் போனான். தண்ணீர்த் தொட்டி அருகே பிக்கு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பவர் போலப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பியது இளஞ்சிவப்பாக இருந்தது. பிக்குவின் வாயில் என்ன நடக்கிறதோ அதுதான் அங்கே நுய்யின் வாயிலும் நடக்கிறது. இதை யாரும் வாளியின் மேல் அச்சடிப்பதில்லை.

“சாமி, நான் குடுத்த பிரஷ்தானா இது?”

“அதேதான் தம்பி. ரொம்ப மெத்துனு இருக்கா, பல்லுல படுறதே தெரியல. அதான் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன்.”

கோர்ன் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னான். அது அவனுடைய வார்த்தை இல்லை, அவனுக்குச் சொல்லப்பட்டது. பிக்கு வாய் நிறைய நுரையோடு சிரித்தார். பிறகு விரல்நுனியில் பிரஷ்ஷைப் பிடித்து மறுபடி தொடங்கினார்.

மறுநாள் நுரை வெள்ளையாக இருந்தது. சில வருடங்களாக வெள்ளையாகவே இருக்கிறது. பிரஷ் தேய்ந்ததும் விகாரைக்குப் புதியது போகிறது. சுவாரி இப்போது மென்மையான பிரஷ் வைத்த வாளியைத் தனி வரிசையில், கூடுதல் விலைக்கு, தன் யோசனை என்று சொல்லி விற்கிறாள். கோர்ன் காலையில் எழுந்து, போர்வையை மடித்து, குக்கரைப் போட்டு, நுரையைக் கழுவிவிட்டுத் தன் பல்லைத் தேய்க்கிறான்.

மகள் புத்தர் பேரைச் சொல்லிக்கொண்டே போனாள் என்றுதான் மாமியார் இன்னும் சொல்கிறாள். அவன் திருத்துவதில்லை. நுய் போன அன்று காலை வெளியே மழை, அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுய் ஸ்கூட்டர் சாவியோடு குளியலறை வாசலில் ஒரு நிமிடம் நின்று, அவனைப் பார்த்து முகம் சுளித்து, கடைசியாகச் சொன்னது இதுதான்:

“மெல்லத் தேயேன், கோர்ன். பல்லுதானே அது, பாத்திரமா?”