முதல் எண்ணெய்

மாடு மீட்கப் போய் மாண்ட முப்பாட்டன்தான் வேடியப்பன் சாமியாக நடுகல்லில் நிற்கிறான் என்பது மாரப்பன் வம்சத்தாரின் நம்பிக்கை. தைமாதம் அந்தக் கல்லுக்கு முதல் எண்ணெய் வைப்பவர் வம்சத்தின் தலைமகன்; இப்போது மாரப்பன். அந்த வூட்டுப் பெண் தாலி கட்டிக்கொள்ளுமுன் தலைமகன் கையால் அங்கே மஞ்சள் கயிறு வாங்க வேண்டும்.

பாகம் பிரித்தபோது கல் நின்ற மேட்டுக்காடு தம்பி பச்சியப்பன் பங்குக்குப் போயிற்று. நிலம்தானே போயிற்று, மரியாதை போகவில்லையே என்று மாரப்பன் இருந்தார். அடுத்த தையில் அவர் குளித்து வருவதற்குள் கல்லில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"எங்காட்டுல நிக்கற சாமி, நான் வச்சா வேணாங்குமாண்ணா?" என்றான் பச்சியப்பன். கூட்டம் சிரித்தது. மாரப்பன் எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

அந்த வருஷம்தான் தருமபுரியில் மியூசியம் திறந்தார்கள். ஊர் ஊராக வந்து பழம்பொருள் கேட்டார்கள். ஒருவர் துருப்பிடித்த வாள் கொடுத்தார், ஒருவர் நெல் அளந்த மரக்கால் கொடுத்தார். பச்சியப்பன் தீர்த்தமலைக்குப் போயிருந்த நாளில் மாரப்பன் வண்டி கட்டிப்போய், கல்லைப் பெயர்த்து மியூசியத்தில் இறக்கினார்.

"கல்லு யாருதுங்க?" என்று மியூசியக்காரர்கள் கேட்டார்கள்.

"எங்க வூட்டுது. நாந்தான் மூத்தவன்."

கையெழுத்தும் போட்டார். தலைமுறை தலைமுறையாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவினார்கள். வில்லும், காலடியில் இரண்டு மாடுகளும் துலங்கின. கீழே 'அன்பளிப்பு: மாரப்பன்' என்று பலகை வைத்தார்கள். கோர்ட்டு வேலையாகத் தருமபுரி போனபோதெல்லாம் அவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். பச்சியப்பன் வெறும் குழியில், கிணறு வெட்டியபோது கிடைத்த உருவம் பொளியாத கல் ஒன்றை நட்டு, மஞ்சள் பூசிவிட்டான்.

மகள் ராணிக்குத் தொப்பூரில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனன் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க முறைப்படி வேடியப்பங்கிட்ட கயிறு வாங்கிட்டு வரட்டுங்க, சம்பந்தி."

மாரப்பன் எல்லோரையும் தருமபுரிக்கு பஸ் ஏற்றினார். மியூசியக் காவலாளி அப்துல் சுபான் நல்ல மனுஷர். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் தயங்கினார்.

"கும்பிட்டுக்குங்க, ஐயா. எண்ணெ மட்டும் வேணாங்க. கல்லத் தொடவும் கூடாதுங்க."

"எம் பாட்டனய்யா அது."

"தெரியுங்க. நீங்களே குடுத்துட்டீங்களே."

"மணி அஞ்சானா சாமிய உள்ள வச்சுப் பூட்டிருவீங்களா?" என்று அர்ச்சுனனின் அக்கா கேட்டாள்.

"ஆமாங்க. வெள்ளிக்கெழம லீவுங்க" என்றார் சுபான், வெள்ளந்தியாக. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாரப்பன் கயிற்றை மடியில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மனைவி பெரியம்மாள் வந்து நின்றாள். "கொழுந்தனார் ஆளு அனுப்பியிருக்காருங்க. அண்ணனே வந்து மொத எண்ணெ வச்சு, கயிறும் குடுக்கட்டும்னு சொல்லியிருக்காரு."

"எதுக்கு? கெணறு வெட்டறப்போ கெடச்ச கல்லுக்கா?"

"ஊரே அதுக்குத்தான் பொங்க வைக்குது."

"ஊருக்குப் புத்தியில்ல."

"கயிறு வாங்காத பொண்ண அவங்க கூட்டிட்டுப் போவாங்களா? இவ என்னங்க பாவம் பண்ணினா?"

தம்பி இடும் மரியாதையை அவன் காட்டில் நின்று கைநீட்டி வாங்குவதா? "நான் வரல" என்றார். போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்ட பெரியம்மாள் விடியலில் மகளை அழைத்துக்கொண்டு போனாள்.

மேட்டுக்காட்டிலிருந்து மேளம் கேட்டது. மாரப்பன் வெளுத்த வேட்டியும் துண்டுமாக நடுவூட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ராணி கழுத்தில் மஞ்சள் கயிறோடும் நெற்றியில் எண்ணெயோடும் வந்தாள். சித்தப்பன் கையால் வாங்கிய கயிறு. அப்பா காலில் விழக் குனிந்தாள்.

அவர் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"அங்க விழுந்தாச்சில்ல? போ. நேரமாவுது."

ராணி குனிந்தபடியே வெறும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். வாசலில் பச்சியப்பன் கல்யாணத்துக்குப் போக வண்டியோடு காத்திருந்தான். அவன் கை கொடுத்து ஏற்றிவிட்டான்.