மூன்று பேருக்கு ஓர் அறை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்புகள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சூடு ஆறட்டும் என்று விட்டால் சுருக்கம் விழுந்துவிடும். விரல் நுனியால் பிடித்து உதறி, காற்றிலேயே பாதியாக்கி, மேசையில் விழும்போது கால்வாசியாக்கிவிட வேண்டும். எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லாமல் இதைச் செய்யக்கூடியவள் அங்கே ஒருத்திதான். அதனால் அவளுக்கு மடிப்புக்காரி என்று பெயர் விழுந்திருந்தது.

அன்று அவள் ஒரே விரிப்பை இரண்டு முறை பிரித்து மடித்தாள். நர்சுகளின் உடுப்புக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த கஞ்சியக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"கை இங்க இருக்கு. மனசு எங்கடி போச்சு?"

"நாளைக்கு வீட்டப் பாக்க வர்றாங்கக்கா. லெட்டர் வந்திருக்கு."

"வருஷா வருஷம் வர்றதுதானே?"

"போன வருஷம் என் தம்பி இல்லையே."

கஞ்சியக்கா கையை உதறிவிட்டு அருகில் வந்தாள். "அவன் பாயி, போர்வை, துணிமணி எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டி காலையில இங்க கொண்டாந்து போடு. இங்க ஆயிரம் மூட்டை கிடக்கு. அதுல ஒண்ணா அதுவும் கிடந்துட்டுப் போகுது."

சண்டையிலிருந்து தப்பி இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் ஆறு வருடம் ஒரு பழைய கிடங்கில், போர்வைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிரித்த தடுப்புக்குள் கழிந்தது. மகள் பிறந்ததும் அங்கேதான். பிறகுதான் அகதிக் குடும்பங்களுக்கான வாடகை மானியத்தில் பெயர் வந்தது. வாடகையில் மூன்றில் இரண்டு பங்கை அரசு கட்டும், மிச்சம் அவர்கள் பாடு. இரண்டு அறை, சமையலறை, துணி உலர்த்த ஒரு பால்கனி. சாவியை வாங்கிய அன்று அவள் மாமனார் ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து மூடினார். கதவு என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்து போயிருந்தது.

அனுமதித்தாளில் நான்கு பெயர்கள் இருந்தன: அவள், அவள் புருஷன், மகள், மாமனார். அந்தத் தாளில் பெயர் இல்லாத எவரும் பதினான்கு நாளுக்கு மேல் தங்கினால் மானியம் நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

மாமனார் எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவள் புருஷனே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மறைப்பதில் அவனுக்கு இஷ்டமில்லை. நான்கு மாதம் கழித்து அவள் தம்பி வாசலில் வந்து நின்றான். இரண்டு எல்லைகளைக் கால்நடையாகத் தாண்டியிருந்தான். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து, அதற்குள் அட்டையை வெட்டி வைத்திருந்தான். "பதினாலு நாள் கழிச்சு எங்க அனுப்பறது இவன?" என்று அவள் கேட்டபோது, "அப்பா ரூம் காலியாத்தானே இருக்கு" என்றான் புருஷன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தம்பி இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனான். கூப்பிட்ட நாளில் மட்டும் வேலை. அகதியாகப் பதிவு செய்துகொள்ள அவனுக்குக் கொடுத்திருந்த தேதிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டைத் துடைத்து எடுத்தார்கள். தம்பியின் சட்டைகள், பாய், பட்டறைக் கண்ணாடி, தேய்ந்த செருப்பு எல்லாம் மூட்டைக்குள் போயின. நாலாவது தட்டை அவள் அரிசி டின்னுக்குள் சொருகினாள். மகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"அந்த ரூம்ல யாரு படுக்கறாங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"யாரும் இல்ல."

"மாமான்ற பேச்சே இன்னிக்கு வாயில வரக்கூடாது."

"பள்ளிக்கூடத்துல கணக்கு மாமா இருக்காரே, அவரச் சொல்லலாமா?"

"அவரும் வேண்டாம்டி. இன்னிக்கு உனக்கு மாமாவே கிடையாது."

தம்பி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தான். "நீ கவலப்படாதக்கா. இருக்கற இடம் தெரியாம இருக்கறதுல எனக்கு நல்ல பழக்கம்." மூட்டையைச் சலவைக்கூடத்தில் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சில் இருப்பதாக ஏற்பாடு. அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பதினொரு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டு நின்றார். இப்படிக் கேட்டு நிற்கும் அதிகாரியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. மாமனார் போனதற்கு வருத்தம் சொன்னார். மகளிடம் எந்த வகுப்பு என்று விசாரித்தார். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டே வந்தார்.

குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். மடிப்புக்காரி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடித் தட்டில் சவர ரேஸர் ஒன்று, நுரை காய்ந்து ஒட்டியபடி கிடந்தது. காலையில் அவசரத்தில் தம்பி விட்டுப்போனது. அவள் புருஷன் முன்னறையில் நின்றுகொண்டிருந்தான். கல்யாணத்தன்றைக்கே நெஞ்சைத் தொட்ட தாடி அவனுக்கு. அதில் கத்தி பட்டு வருடக்கணக்காகிறது.

அதிகாரியம்மா ரேஸரைப் பார்த்தார். திரும்பித் தாடியைப் பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கருவியில் எதையும் தட்டவில்லை.

மடிப்புக்காரி இந்த அம்மாவுக்கு ஒரு டீயாவது போட வேண்டும் என்று அடுப்படிக்குப் போனாள்.

"இந்த ரூம் யாருக்கும்மா?" என்று மகளிடம் கேட்கும் குரல் வந்தது.

"யாருக்கும் இல்ல. சும்மாத்தான் கிடக்கு. நாங்க இதுக்குள்ள வர்றதே இல்ல. எங்களுக்கு இது வேணாமே." சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள் மகள்.

டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அதிகாரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா, நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்த வீடு நாலு பேருக்குன்னு கொடுத்தது. பெரியவர் போனப்புறம் தாள்ல மூணு பேருதான். மூணு பேருக்கு ஒரு ரூம் வீட்டுக்குத்தான் மானியம். எதிர் பிளாக்குல ஒண்ணு காலியாகுது. நாப்பது நாள்ல மாறிக்கணும்."

அவள் புருஷன் தாடியைக் கையில் பிடித்தபடி நின்றான். "இங்கயே இருக்கணும்னா?"

"முழு வாடகையும் நீங்களே கட்டணும்."

அது இரண்டு பேர் சம்பளத்தையும் விழுங்கிவிடும். மடிப்புக்காரி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைக்க ஈரம் எதுவும் இல்லை.

"அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். சொந்தத்துல யாராவது வந்தா, அவங்க பேரச் சேத்து நாலு பேராக் காட்டலாமா?"

அதிகாரியம்மா அவளை நேராகப் பார்த்தார். "காட்டலாம். ஆனா அவரு முதல்ல அகதியாப் பதிவாகியிருக்கணும்."

"அதுவரைக்கும் அவங்க எங்க இருப்பாங்க?"

"இந்த விலாசத்துல இருக்கார்னு யாராவது சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா இந்த மானியமே நின்னுடும்." டீயை ஒரு வாய் குடித்தார். "அதனால ஒரு பேச்சுக்குக்கூட என்கிட்ட எதையும் சொல்லாதம்மா."

மிச்ச டீயைக் குடித்து முடித்து, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்து தம்பி வந்தான். கையில் மூட்டை இல்லை. அதற்குப் பதிலாகப் பாயும் போர்வையும் துவைத்துத் தேய்த்து, ஆஸ்பத்திரி முத்திரை போட்ட தாளில் கட்டியிருந்தது. கஞ்சியக்கா கொடுத்தனுப்பியது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் கட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் வேற எங்கயாவது போயிடறேன்க்கா. பட்டறையில கேட்டா படுத்துக்க விடுவாங்க."

"நீ போனாலும் நாங்க மூணு பேருதான்டா. நீ இருந்தாலும் மூணு பேருதான்."

அவள் புருஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிறானோ என்று மகள் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தாள். "உன் மாமனுக்கு உடம்பு இருக்கு, பேருதான் இல்ல" என்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டான். அரிசி டின்னைத் திறந்து நாலாவது தட்டை அவனே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "உக்காரு மாப்ள, சாப்பிடுவோம்" என்றான்.

நாற்பதாம் நாள் எதிர் பிளாக்குக்கு மாறினார்கள். கட்டிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். பிரித்த கட்டிலை மறுபடி பூட்ட அங்கே இடம் இல்லை. சட்டங்கள் கதவுக்குப் பின்னால் சாய்ந்தன. ஒற்றை அறையில் மூன்று பேர் படுத்தார்கள். தம்பி சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே தலையை வைத்துக் காலை அறைக்குள் நீட்டிக்கொண்டான். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவன் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். வராந்தாவில் ஆள் நடமாட்டம் அதிகம். அதனால் கதவையும் ஜன்னலையும் அடைத்தே வைத்தார்கள். மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள் என்றார்கள்.

ஒரு வாரம் மடிப்புக்காரிக்குச் செவ்வாய்க்கிழமையில் விடுமுறை வந்தது. அன்று பட்டறையிலிருந்து தம்பிக்கு அழைப்பு வரவில்லை. அவன் உள்ளே மகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இருமல் அதிகமானதால் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. மடிப்புக்காரி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் பிளாக்கில் அவர்களுடைய பழைய வீட்டு ஜன்னல் திறந்தது. குடியிருப்பைப் பராமரிக்கும் ஆள் தலையை வெளியே நீட்டினார்.

"யாராவது குடி வர்றாங்களாண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"எங்கம்மா. தாள் எல்லாம் சரியா இருக்கற நாலு பேர் குடும்பமா வேணுமாம். இதோட அஞ்சு மாசமாப் பூட்டிக் கிடக்கு."

"அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து அரை மணி நேரம் ஜன்னலத் தொறந்து வச்சு, குழாய ஓட விடணும். மேல இருந்து உத்தரவு. பூட்டியே வச்சா செவுரு பூசணம் பிடிச்சிடும்மா. வீட்டுக்குக் காத்து வேணுமில்ல."

அவர் இரண்டாவது அறைக்கும் போய் அந்த ஜன்னலையும் விரியத் திறந்தார். பிறகு நாற்காலி ஒன்றைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் இந்தப் பக்கம்வரை கேட்டது.

உள்ளே மகள் இருமினாள். தம்பி ஏதோ சொல்வது கேட்டது. மடிப்புக்காரி கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய், அவன் குரல் வெளியே கேட்காதபடி கதவை இழுத்துச் சாத்தினாள்.