கரீமாவின் பெயர் இல்லாத பிரதி

கொதிக்கும் கொப்பரையில் அரக்குச் சாயம் ஏறிக்கொண்டிருந்த பட்டு நூலை அம்பரீன் கழியால் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்போது இம்தியாஸ் பாய் கையில் காகிதத்தோடு பட்டறைக்குள் வந்தார். பட்டுக்கடை முதலாளி; தெரு ஜமாஅத்துக்குச் செயலாளர். அவர் அனுப்பும் நூலை நம்பித்தான் அங்கே அடுப்பு எரிகிறது.

"பிரமாதமா எழுதியிருக்கிறம்மா. நாளைக்கு மீலாது மேடையில நானே படிக்கப்போறேன். ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் மாத்திக்கினேன்."

"எந்த எடம் பாய்?"

"அந்தப் பொம்பள பேரு."

அம்பரீன் கழியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அவள் எழுதிக்கொடுத்ததே அந்தப் பொம்பளையைப் பற்றித்தான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மக்காவில் ஹதீஸ் என்னும் நபிமொழிகளைச் சொல்லிக்கொடுத்த கரீமா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நபியின் சொல் எதுவானாலும், யார் யாரிடம் கேட்டு அது தன்னிடம் வந்தது என்று ஆள் விடாமல் சொல்லுவார். வெளியூர் ஆண்கள் தேடி வந்து அவரிடம் கேட்டு எழுதினார்கள். எழுதியதை அவருடைய பிரதியோடு ஒப்பிட்டுக் காட்டாதவனுக்கு, அதை வெளியே போய்ச் சொல்ல அனுமதி கிடையாது.

"மாத்தி என்னன்னு போட்டீங்க?"

"'மக்காவில் ஓர் ஆண் மகான்'னு. அவ்ளோதான். ஐயம்பேட்டை, செவிலிமேடு, எல்லா ஊர்லேர்ந்தும் ஆளுங்க வர்றாங்க. மார்க்கம் படிச்ச பெரிய பெரிய ஆலிமுங்க ஒரு பொம்பள முன்னாடி உக்காந்து படிச்சாங்கன்னு மைக்குல சொன்னா நாற்காலி பறக்கும்மா."

"உக்காந்தாங்களே பாய். நானா இழுத்தாந்து உக்கார வெச்சேன்?"

"உம் பேரும் வேணாம். வம்பு எதுக்கு?"

"அப்ப அனுமதி இல்ல."

"என்னாது?"

"ஒப்பிட்டுட்டேன். உங்க பிரதி தப்பு. அதப் படிக்க நான் அனுமதி தரல."

இம்தியாஸ் பாய் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நூல் குடுக்கிறவன்கிட்ட பேசிக்கினு இருக்கிற. ஞாபகம் இருக்குதா?"

"கை வெந்துக்கினு இருக்குது பாய். மறக்குமா?"

"நான் படிக்கிறேன். நீ என்னா பண்றேன்னு பாக்குறேன்."

அவர் போனதும், அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அவள் புருஷன் கனி நிமிர்ந்தான். "ஏன்டி, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்காக நம்ம அடுப்ப அணைக்கிறியா?"

"நடுவுல ஒரு ஆளோட பேர உருவிட்டா மிச்சம் என்னா நிக்கும்? அத எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். சோறு தின்னலாம்."

"நீ தின்னு."

மறுநாள் மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு கூட்டம் தொடங்கியது. பெண்களுக்குப் பந்தலின் ஓரத்தில் பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். இம்தியாஸ் பாய் மைக்கைத் தட்டிவிட்டுப் படித்தார். "மக்காவிலே ஓர் ஆண் மகான் வாழ்ந்தார்..."

திரைக்குப் பின்னாலிருந்து அம்பரீன் எழுந்தாள். "தப்பு பாய். கரீமான்னு ஒரு பொம்பள வாழ்ந்தாங்க."

பந்தலில் தலைகள் திரும்பின. இம்தியாஸ் பாய் காதில் விழாதவர் போல அடுத்த வரிக்குப் போனார். "அன்னாரின் முன்னால் மாணவர்கள்..."

"ஆம்பளைங்க! அந்தம்மா முன்னாடி ஆம்பளைங்க உக்காந்தாங்க!"

"ஜமாஅத் கூட்டத்துல பொம்பள சத்தம் போடக் கூடாது. யாரும்மா அது? உக்காரு!" என்று இம்தியாஸ் பாய் மைக்கிலேயே அதட்டினார்.

"யாருன்னு தெரியாதா? அம்பரீன். சாயப்பட்டறை. நீங்க கையில வெச்சுக்கினு இருக்கிறத எழுதினவ. தப்பாப் படிச்சா நிறுத்துவேன். எத்தினி தபா படிச்சாலும் நிறுத்துவேன்."

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "பாய், சரியாத்தான் படியேன்பா, பிரியாணி ஆறுது," என்றான். பந்தல் சிரித்தது. இம்தியாஸ் பாயின் முகம் கறுத்தது. காகிதத்தைக் கிழித்து மேடையிலேயே போட்டார். "கனி, கேட்டுக்கோ. நாளையிலேர்ந்து என் நூலு உன் பட்டறைக்கு வராது."

ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனி தலையைத் தூக்கவில்லை. அம்பரீன் காத்திருக்கவும் இல்லை. காகிதம் போனாலும் எழுதியது அவளுக்கு மனப்பாடம். மைக் இல்லாமலே முதல் வரியிலிருந்து தொடங்கினாள். பத்துப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கரீமா கடைசிவரை மக்காவிலேயே இருந்து அங்கேயே மறைந்தார் என்று சொல்லி முடித்தாள்.

திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் குரல் கறாராகக் கேட்டது. "எல்லாம் சரி. நீ யாருகிட்டம்மா கேட்ட இத?"

பக்கத்திலிருந்த பெண்கள் பயந்து அவள் முந்தானையை இழுத்தார்கள். அம்பரீன் அதை விடுவித்துக்கொண்டாள்.

"முசரவாக்கத்துல ஷமீம் பானு ஆலிமாகிட்ட கேட்டேன். அவங்க வாணியம்பாடியில அவங்களுக்குப் பாடம் சொன்ன உஸ்தாதுகிட்ட கேட்டாங்க. அவங்களும் பொம்பளதான். அவங்களுக்கு மேல யாருன்னும் சொல்லட்டுமா, இல்ல பிரியாணிக்குப் போறீங்களா?"

"சொல்லு," என்றார் கிழவர்.