அல்மாட்டி ஒரு வெளிநாடா?

ஜோல்தோஷ் வீட்டில் அன்று காலைத் தேநீருக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்தான். பேச்சில் வந்துபோன நாடுகளோ ஏழெட்டு. கொரியா வேண்டாம், மொழி வராது. துருக்கி வேண்டாம், பக்கத்துத் தெரு தையல்காரி மகள்கூட அங்கேதான் இருக்கிறாள். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன் போவான், அதில் என்ன பெருமை? ரொட்டியைப் பிய்த்துப் பாலாடையில் தோய்த்தபடி ஒவ்வொரு நாடாகத் தள்ளிக்கொண்டே வந்தார் ஜோல்தோஷ்.

இத்தனைக்கும் மகள் பெகிமாய் யார் தயவும் இல்லாமல் ஓர் இடம் வாங்கி வைத்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கஜகஸ்தானில், அல்மாட்டியில், மருந்தியல் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. அதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அல்மாட்டி ஒரு வெளிநாடா கண்ணு? காலையில பஸ் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்ச் சேந்துடலாம். அதுக்கு ஒரு விருந்து வைக்க முடியுமா? ஊரு சிரிக்காது?”

“நான் என்னப்பா, விருந்துக்காகவா படிக்கப் போறேன்?”

“வாயப் பாரு,” என்று அம்மா தாமிரா தேநீர்க் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினாள். அதோடு அல்மாட்டிப் பேச்சு முடிந்தது.

எங்கள் கோச்கோர் ஊருக்கு இது ஒரு நோய் மாதிரி. பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். நாடு தூரமாகத் தூரமாக விருந்துக்கு அறுக்கிற பிராணியும் பெரிதாகும். கஜகஸ்தான் என்றால் தேநீரோடு முடித்துவிடலாம். ஐரோப்பா என்றால் ஆடாவது வேண்டும். ஜோல்தோஷின் அண்ணன் ஒரோஸ்பெக் இருக்கிறாரே, அவர் போன வருடம் தன் இளைய மகள் ஜிபாரைப் போலந்துக்கு அனுப்பியபோது குதிரையே அறுத்தார். அந்த விருந்தைப் பற்றி ஊர் இன்னும் பேசி ஓயவில்லை. அண்ணன் குதிரை அறுத்த பிறகு தம்பி வெறும் தேநீர் ஊற்றுவானா? ஜோல்தோஷும் போலந்துதான் என்று முடிவு கட்டினார்.

ஜிபாரை அனுப்பி வைத்த தரகர் பெயர் எசென். ஒரோஸ்பெக்கின் மூத்த மகளை அவர் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி என்ற ஒரு சொல் போதும், எங்கள் ஆட்களுக்கு வாய் அடைத்துவிடும். அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது, யாரிடம் விசாரிப்பது என்று சம்பந்தியிடம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் எந்த முகத்தோடு ஒரு விருந்தில் போய் உட்காருவது? அதனால் யாரும் கேட்கவில்லை. எசென் வந்தார். பெகிமாயின் பாஸ்போர்ட்டை வாங்கிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். “இது என்கிட்டயே இருக்கட்டும், சின்னப் பிள்ளைங்க தொலைச்சிடும்,” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

விருந்துக்கு முந்தின நாள் மதியம், அங்கே என்ன மாதிரிக் குளிர்ச்சட்டை தேவைப்படும் என்று கேட்கத்தான் பெகிமாய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் ஜிபாருக்கு வீடியோ அழைப்பு போட்டாள். வழக்கமாக ஜிபார் வீட்டுக்குப் பேசும்போது பின்னால் வெள்ளைச் சுவர் தெரியும். முகத்தைக் கழுவி, தலையை வாரி, சிரித்துக்கொண்டு பேசுவாள். அன்று அழைப்பை எடுத்தவள் ரப்பர் மேலங்கி போட்டிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி. கை முழுக்கச் செதில்.

“என்னக்கா இது வேஷம்? ஆய்வுக்கூடத்துல இருக்கியா?”

“மீன் கம்பெனியில.” ஜிபார் குரலைத் தாழ்த்தினாள். “நான் சொல்றத மட்டும் கேளு. நீ வராத. இங்க கல்லூரின்னு ஒரு ரூம் இருந்துச்சு. கொஞ்ச நாள் மொழி சொல்லிக் குடுத்தாங்க, அப்புறம் பூட்டிட்டாங்க. பாஸ்போர்ட் எசென் மாமாவோட ஆளுங்ககிட்ட இருக்கு. கேட்டா, வந்த செலவு கழியட்டும்ங்கறாங்க. அது கழியவே மாட்டேங்குது.”

“போலீசுக்குப் போயேன் அக்கா.”

“கூட இருந்த ஒருத்தி போறேன்னு சொன்னா. மறுநாள் அவ படுக்கை காலி. எங்கன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.”

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜிபாரின் முகம் ஒரு நொடியில் மாறியது. “அம்மா எப்படி இருக்காங்க? எனக்கு இங்க ஒரு குறையும் இல்லடி,” என்று கலகலவென்று சிரித்தாள். இணைப்பு அறுந்தது.

மீனும் செதிலும்கூடப் பெகிமாயை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. அந்தச் சிரிப்புதான் பயமுறுத்தியது. இத்தனை மாதமாக வீட்டில் எல்லாரும் கேட்டுச் சந்தோஷப்பட்ட சிரிப்பு அது.

அடுப்படியில் அம்மா விருந்துக்கு மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பெகிமாய் சொல்லச் சொல்ல எண்ணெயில் கிடந்தது கருகியது. தாமிரா அடுப்பை அணைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரே ஒரோஸ்பெக் வீட்டுக்குப் போனாள். கணவனின் அண்ணனை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. வாசலில் நின்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“பெரியவரே, ஜிபார் படிக்கறாளா?”

ஒரோஸ்பெக் சேணத்து வார் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி விரலில் இறங்கியது. அதைக் கவனிக்காத மாதிரியே, “நல்லாப் படிக்கறா. வீட்டு ஏக்கத்துல பிள்ளைங்க நூறு கதை சொல்லும். நீ போய் வேலையப் பாரு,” என்றார்.

தாமிரா திரும்பி வந்தாள். “பெரியப்பா சொல்லிட்டாரு. இனி இத வாயில எடுக்காத.”

“நீ நம்புறியாம்மா?”

தாமிரா கருகின உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். “எனக்கும் நம்பத் தோணல. ஆனா ஊரையே கூப்பிட்டாச்சுடி. ஆட்ட அறுத்தாச்சு. இப்பப் போய் உங்கப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

மறுநாள் பகலில் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் எசெனின் கார் நின்றது. விருந்து முடிந்த கையோடு பெகிமாயை ஏற்றிக்கொண்டு தலைநகர் பிஷ்கெக்கின் விமான நிலையத்துக்குப் போகவேண்டியது. அவள் பெட்டியை யாரோ ஏற்கெனவே காரில் வைத்துவிட்டார்கள். ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே ஓடுவது? பாஸ்போர்ட் எசெனின் கோட்டுக்குள். அவர் சிரிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூத்தவர் என்பதால் ஆட்டுத் தலையை ஒரோஸ்பெக் முன்னால் வைத்தார்கள். அவர் காதை அறுத்துப் பெகிமாயிடம் நீட்டினார். சின்னவர்களுக்குக் காது கொடுப்பது வழக்கம். பெரியவர் சொல் கேட்கட்டும் என்று. அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அடுத்தது வாழ்த்து. ஒரோஸ்பெக் இரண்டு கைகளையும் ஏந்தினார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் ஏந்தினார்கள். அவர் வாழ்த்திவிட்டு முகத்தைத் தடவி, எல்லாரும் அப்படியே ஆகட்டும் என்று ‘ஓமின்’ சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதை மீறிப் பயணத்தை நிறுத்துகிற பெண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதே போல, ஏந்தின கையோடு பொய் சொன்னால் அந்தப் பாவம் சொன்னவன் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்ற பயமும் எங்கள் எல்லாருக்கும் உண்டு.

பெகிமாய் எழுந்து நின்றாள்.

“பெரியப்பா, கை ஏந்தியிருக்கீங்க. இப்பச் சொல்லுங்க. ஜிபார் அக்கா படிக்கறாளா? படிக்கறான்னு நீங்க சொன்னா நான் இப்பவே கார்ல ஏறிடறேன்.”

“பெகிமாய், உக்காரு,” என்று ஜோல்தோஷ் பல்லைக் கடித்தார்.

“பொண்ணுக்குப் பயணக் காய்ச்சல். கார்ல ஏறினா சரியாப் போயிடும்,” என்று எசென் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. எல்லாருடைய கைகளும் ஏந்தியபடியே இருந்தன. எல்லாரும் ஒரோஸ்பெக்கைப் பார்த்தார்கள். அவர் கைகள் இரண்டும் மடியில் விழுந்தன.

“படிக்கல,” என்றார். “மீன் வெட்டுறா. எனக்குக் குளிர்காலத்துலயே தெரியும்.”

எசெனின் சிரிப்பு போய்விட்டது. “சம்பந்தி, யோசிச்சுப் பேசுங்க. உங்க மூத்தவ எங்க வீட்டுல இருக்கா.”

அதைக் கேட்ட பிறகு யாருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. தாமிரா எழுந்தாள். ஆண்கள் வரிசையைத் தாண்டிக்கொண்டு போய் எசென் முன்னால் நின்று கையை நீட்டினாள். முக்காடு தோளில் நழுவிக் கிடந்ததை அவள் சரி செய்யவில்லை. “என் மக பாஸ்போர்ட்டக் குடு,” என்றாள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர் எழுந்து கதவை மறித்து நின்றார்கள். எசென் கோட்டுக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஜோல்தோஷ் அண்ணன் பக்கம் திரும்பினார். “அண்ணே, குளிர்காலத்துலயே தெரியும்ங்கற. தெரிஞ்சே என் மகளையும் அனுப்பியிருப்பியா?”

“அனுப்பியிருப்பேன்.” ஒரோஸ்பெக் அழுதார். “பெரியவ அவன் வீட்டுல, சின்னவ அவன் ஆளுங்க கையில. அதவிட, குதிரை அறுத்து ஊருக்கே போட்டுட்டு என் மக அங்க அடிமையா கிடக்கான்னு எப்படிடா சொல்றது? ஜிபார் போன்ல அழுதப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? சத்தம் போடாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னேன்.”

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

அப்போது ஒரு பெரிய மனிதர் தொண்டையைக் கனைத்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும். போலீஸ் அது இதுன்னு போனா ரெண்டு குடும்பத்து மானமும் போகும்.”

ஜோல்தோஷ் அவரைப் பார்த்தார். பிறகு தன் சொந்தபந்தம் மொத்தத்தையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அண்ணன் கையில் திணித்தார்.

“போலீசுக்குப் போன் போட்டுப் பேசுண்ணே. இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசு. எந்த நாடு பெருசுன்னு நானும் தேடினேன், என் மகளுக்காக ஒரு நாளும் தேடல, இவங்க முன்னாடி பீத்திக்கறதுக்காகத் தேடினேன். அங்க கல்லூரி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்க வெக்கப்பட்டேன். கேளுங்கய்யா. பிள்ளைய அனுப்புறதுக்கு முன்னாடி கேளுங்க, சம்பந்தியா இருந்தாலும் கேளுங்க, முக்கியமா அந்தப் பிள்ளையக் கேளுங்க. மானம் போயிடும்னு நாம வாய மூடினோம், இப்ப ஜிபார் அங்க கிடக்கறா.”