விலை தோன்றாத ஜன்னல்

பெண் பார்க்கப் போகிறவன் காரில் போவான். கார் இல்லாதவன் வாடகைக்காவது பிடிப்பான். குருநாதன் சாமான் ஏற்றுகிற குட்டியானை லாரியில் போனான். பழனியில் அவனுக்குப் பழைய வீட்டுச் சாமான் கடை. இடிக்கப் போகிற வீடுகளில் நிலை, கதவு, ஜன்னல், தூண் என்று கழற்றி எடுத்து வந்து, புது வீடு கட்டிவிட்டு அதைப் பழசு மாதிரி காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு விற்பான். கோடைக்கானல் மலைக்கு ஏறிவிட்டு வெறும் வண்டியோடு இறங்குகிற பழக்கம் அவன் அப்பாவுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது.

"ஏலே, பொண்ணு வீட்டு வாசல்ல இத நிப்பாட்டாத. தள்ளி நிப்பாட்டு," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து பூவும் பஞ்சாமிர்த டப்பாவும் மடியில் வைத்திருந்த அக்கா சண்முகவள்ளி. "பொண்ணையும் பின்னாடி ஏத்திக் கயிறு போட்டுக் கட்டிருவானோன்னு பயந்துக்கிருவாங்க."

குருநாதன் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை, வரவில்லை.

மனைவி வள்ளிமயில் செத்துப்போனதிலிருந்து இப்படித்தான். பசித்தது, தூக்கம் வந்தது, கடை நடந்தது. மற்றபடி உள்ளே யாரோ ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்ட மாதிரி இருந்தது. பதினைந்து வயசிலிருந்து எதைப் பார்த்தாலும் அவனுக்குள் ஒரு விலை தானாக வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் வந்தது. கட்டில் பழைய காலத்து இரும்பு, கால்கள் வார்ப்பு, இன்னாரிடம் தள்ளினால் இவ்வளவு போகும். மயானத்துக்கு நடக்கும்போது பாடை மூங்கிலுக்கும் ஒரு விலை வந்தது. அழுகைக்குப் பதில் விலை வருகிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தான். இரண்டு வருஷமாக அவனிடம் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஒரு மிஷின்தான்.

"இந்தச் சம்பந்தமும் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே அலைய மாட்டேன், பாத்துக்க," என்றாள் அக்கா. "நீயும் உன் கடையில ஒரு மரச்சாமானா நிக்க வேண்டியதுதான். தூசி தட்டக்கூட ஆளு வராது. அந்தப் பொண்ணும் இதான் கடைசின்னு சொல்லிருச்சாம். வந்தவனையெல்லாம் படம் பாக்கத் தெரியலைன்னு தள்ளிருக்கா."

"சினிமாப் படமா?"

"வரையிற படம்லே. டிராயிங் டீச்சரு."

பெண்ணின் பெயர் பிரியா. நாற்பதைத் தாண்டியவள். ஊர் மேல்மலையில் பூண்டி. வேலை கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில். அப்பா அம்மா இல்லை. ஊரில் பூண்டும் கேரட்டும் போட்டுக்கொண்டிருக்கிற அண்ணன் வேல்ராஜ்தான் எல்லாம்.

பூண்டு போடுகிற குடும்பம் என்றதும் சண்முகவள்ளிக்குப் பாதிக் கவலை விட்டது. பேரம் பேசுகிற வழக்கம் ஒத்துப்போகும். குருநாதன் தொழிலில் ஒரு மரபு உண்டு. வேண்டும் என்கிற சாமானைக் குறை சொல்ல வேண்டும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு குறை. வேண்டாம் என்றால், "நல்ல சாமான், பத்திரமா வச்சுக்கங்க," என்று புகழ்ந்துவிட்டுச் செருப்பை மாட்ட வேண்டும். வாங்கவும் மாட்டேன், குறையும் சொல்வேன் என்றால் விற்கிறவன் மனசு நோகுமல்லவா, அதற்காக. பூண்டு மண்டியிலும் இதே கதைதான். வியாபாரி மூட்டையைப் பிரித்து, "என்னப்பா, பல்லு இம்புட்டுச் சிறுசா கெடக்கு, ஈரம் வேற," என்று முகத்தைச் சுளித்தால் விவசாயி நிம்மதியாகக் குத்தவைத்துப் பீடியைப் பற்றவைப்பான். "பூண்டுன்னா இதாம்ப்பா பூண்டு," என்று சொல்லிவிட்டால் பேசாமல் மூட்டையைக் கட்டுவான்.

கோடைக்கானல் ஏரிக்கு மேலே, சோலையை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தது அந்தக் கல் பங்களா. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. கைமாறிக் கைமாறி, இப்போதைய சொந்தக்காரர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று வாட்ச்மேனுக்கே தெரியாது. மாடியில் இரண்டு அறைகளைப் பிரியா வாடகைக்கு எடுத்திருந்தாள். குருநாதன் வாசற்படி ஏறுவதற்குள் நிலை பர்மா தேக்கு, கீல் பித்தளை, தரை பழைய ஓடு என்று எல்லாம் அதனதன் விலையோடு வரிசையில் வந்து நின்றுவிட்டன.

கீழ்க் கூடத்தில் உட்கார்ந்ததும் சண்முகவள்ளி வேலையை ஆரம்பித்தாள்.

"வீடு ஒரே ஓதமா இருக்கே."

வேல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மழை பேஞ்சா கொஞ்சம் இருக்கத்தாங்க செய்யும்."

"பொண்ணு ரொம்ப மெலிவு. போட்டோவுல பூசினாப்புல தெரிஞ்சுச்சு."

"குளிருக்குச் சதை பிடிக்காதுங்கக்கா." அவன் முகத்தில் சந்தோஷம் பரவிக்கொண்டிருந்தது.

"டீயில இஞ்சி தூக்கல்."

"இன்னொரு டம்ளர் ஊத்தச் சொல்லவாங்க?"

"ஊத்தச் சொல்லுங்க."

எதிரே உட்கார்ந்திருந்த பிரியா இந்தக் கச்சேரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு குருநாதனைப் பார்த்து, "நீங்க பழைய வீட்டுச் சாமான் எடுக்குறவங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. மாடிப்படிய வந்து பாக்குறீங்களா?" என்றாள்.

"விக்கிறாங்களா?"

"இல்ல. பாக்கத்தான்."

பார்ப்பதற்காக ஒன்றைப் பார்ப்பது என்பது குருநாதனுக்கு விளங்காத காரியம். ஆனாலும் எழுந்தான். அக்கா அவன் சட்டையை இழுத்து, "பொண்ணு பாக்க வந்துட்டு வேற எதையாச்சும் வெறிச்சுக்கிட்டு நிக்காத," என்று காதோடு சொன்னாள்.

படி திரும்புகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வளைவு ஜன்னல். வண்ணக் கண்ணாடி. சாமியோ தேவதையோ கிடையாது. கொடியும் இலையும் மட்டும், துண்டு துண்டாக ஈயப் பட்டையில் கோத்தது. மதியம் திரும்பிய வெயில் அது வழியாக விழுந்து படிகளில் சிவப்பாகவும் பச்சையாகவும் கிடந்தது. பக்கத்துச் சுவரில் அவள் வரைந்த படம். அதில் ஜன்னலே இல்லை. படியும், படியில் கிடக்கிற வெளிச்சமும்தான்.

"ஜன்னல வரையலையே?"

"அது யாரோ செஞ்சது. கீழ விழுந்து கெடக்குறதுதான் எனக்கு."

படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. 'கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கிப் போகிறது வெயில்.' குருநாதன் அதை ஒரு முறை படித்தான். திரும்பவும் படித்தான். அப்புறம் விலைக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

ஜன்னலைப் பார்த்தான். இந்த மாதிரி ஒன்றை மதுரைக்காரன் ஒருவன் மாசக்கணக்கில் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம்கூட ஞாபகத்துக்கு வந்தது, விலை வரவில்லை. படத்தைப் பார்த்தான். சட்டம் தேக்கு என்று கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு மிஷினும் நின்றுவிட்டதா? சந்தோஷம் என்று சொல்லவும் முடியாது. உள்ளே வெறும் கூடம் மாதிரி, சாமான் எல்லாம் எடுத்துப் போன பிறகு இருக்கிற மாதிரி, அமைதியாக இருந்தது.

வெயில் நகர்ந்தது. ஒரு சிவப்புத் துண்டு அவன் கால் வரைக்கும் வந்தது. மிதித்துவிடக் கூடாது என்று காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான். பிரியா அதைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

"நல்லாருக்குங்க," என்றான் குருநாதன். "ரொம்ப நல்லாருக்கு."

கீழே வேல்ராஜ் டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்குகிற சத்தம் கேட்டது. வரப் பார்த்த சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது. "சரிங்க," என்றாள் பிரியா. அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வேல்ராஜ் மரியாதையாகக் கேட் வரைக்கும் வந்து, "இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ரொம்பச் சந்தோசம், அண்ணாச்சி," என்று கும்பிட்டான்.

இறங்குகிற வழியில் பெருமாள்மலை வரும்வரை சண்முகவள்ளி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது, பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிய அன்றைக்குத்தான். பழனிக்குத் திரும்புகிற முக்கில் குருநாதன் டீ சொன்னான்.

"பிடிக்கலைன்னா என்கிட்ட ஜாடை காமிச்சிருக்கலாம்," என்றாள் அக்கா, டம்ளரைப் பார்த்தபடி. "நான் பாட்டுக்கு அந்தப் பயல்ட்ட ஓதம், மெலிவுன்னு ஆசை காட்டிட்டு உக்காந்திருந்தேன். பாவம்."

"யாரு பிடிக்கலைன்னு சொன்னா?"

"நீதான சொன்ன? நல்லாருக்குன்னு. ஒரு வாட்டி சொல்லிருந்தாக்கூட வாய் தவறிருச்சுன்னு சமாளிச்சிருப்பேன். ரொம்ப நல்லாருக்காம்."

குருநாதன் டம்ளரைக் கீழே வைத்தான். முப்பது வருஷமாக எத்தனையோ வாசலில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டியிருக்கிறான். ஒரு தடவைகூட அதை அந்த அர்த்தத்தில் இல்லாமல் சொன்னதில்லை. இன்றைக்கு அது தானாக வந்தது. வந்தபோது, அது என்ன சொல்லும் என்கிற நினைப்பே இல்லை.

"மெய்யாவேதான் சொன்னேன்க்கா."

"மெய்யாவா?" சண்முகவள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க போய் அந்தப் பழக்கத்தப் பிடிச்சுட்டு வந்த? சரி விடு. பொண்ணு வேணுமா வேணாமா?"

வேண்டுமா என்று தனக்குள் கேட்டுப் பார்த்தான். இடது பக்கம் திரும்பினால் பழனி. கடை, சாப்பாடு, தூக்கம், எல்லாம் இருக்கிறபடி இருக்கும். அது ஒன்றும் கஷ்டம் இல்லை. இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டான், போகிறது போனது. ஆனால் விலை தெரிந்த சாமானை விட்டுவிட்டு வரத்தான் அவனுக்குத் தெரியும். விலை தோன்றாத ஒன்றை எப்படி விட்டுவிட்டு வருவது என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

வண்டியில் ஏறினான். ஏறி, மேலே திருப்பினான்.

"ஏலே, பழனி அந்தப் பக்கம்."

"தெரியும்."

"அப்ப வெரசாப் போ. அந்தப் பய பஸ் ஏறிருவான்."

மேலே போகப் போக மேகம் இறங்கிவிட்டது. எதிரே வருகிற வண்டிகள் விளக்கு மட்டுமாக வந்தன. பங்களாவின் கேட்டருகே வேல்ராஜ் மப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டு கிளம்பி நின்றான். குட்டியானையைப் பார்த்ததும், எதையோ மறந்து வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்து உள்ளே எடுக்கப் போனான். சண்முகவள்ளி வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டாள்.

"வேல்ராஜு, இங்க வாங்க. பொண்ணுக்குச் சமையல் தெரியுமா தெரியாதா? முடி வேற கம்மியா இருக்கு. இந்த வயசுக்குக் கண்ணாடி போட்டிருக்கு. மலையில இருந்து கீழ வந்தா எங்க ஊரு வெக்கை தாங்குமா?"

வேல்ராஜ் பாதி வழியில் திரும்பி வந்தான். பிறகு மப்ளரை அவிழ்த்தான். "மெதுவாக் கேளுங்கக்கா," என்றான். "எல்லாத்தையும் கேளுங்க. பஸ் ராத்திரிக்கும் ஒண்ணு இருக்கு."

குருநாதன் உள்ளே போனான். பிரியா படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் நாலு படி கீழே நின்றுகொண்டான். வெளியே அக்காவின் குரலும் வேல்ராஜின் குரலும் மாறி மாறிக் கேட்டன. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"நான் பூண்டிக்காரிங்க," என்றாள் பிரியா. "சின்னப் புள்ளையில எங்கப்பா மூட்டையத் திருப்பித் தூக்கிட்டு வந்ததெல்லாம், யாராச்சும் நல்லாருக்குன்னு சொன்ன அன்னைக்குத்தான். வந்தவங்க எல்லாரும் என் படத்த அப்படித்தான் பாத்தாங்க. ரொம்ப அழகா இருக்கு மேடம். அப்புறம் ஃபோனே வராது. நான்தான் தள்ளிட்டேன்னு அண்ணன் வெளிய சொல்லிக்கும்."

"நான் மெய்யாத்தான் சொன்னேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமான கேள்வி. குருநாதன் யோசித்தான். பொய் சொல்லலாம், சொல்வதற்கு நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன. வாங்க வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தைகள்.

"எனக்கு எதப் பாத்தாலும் விலை வந்துரும்," என்றான். "சாவு வீட்டுலகூட வரும். அத வச்சுத்தான் நான் உசிரோட இருக்கேனான்னு பாத்துக்குறது. இதப் பாத்து வரலை. சந்தோசமா இருந்துச்சான்னு கேட்டா, அதுவும் தெரியலை. எனக்கு ரொம்ப நாளா ஒண்ணும் தெரியலைங்க. வரலை, அம்புட்டுத்தான். அதுக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியாம நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

பிரியா அவன் காலைப் பார்த்தாள்.

"கால ஏன் எடுத்தீங்க?"

"எப்ப?"

"படியில. சிவப்பு வந்தப்ப."

"மிதிக்க வேணாம்னு."

"வெளிச்சத்தயா?"

குருநாதனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. கூச்சமாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்கு வந்த கூச்சம் அது. வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது.

பிரியா நகர்ந்து உட்கார்ந்து படியில் இடம் விட்டாள். அவன் ஏறிவந்து உட்கார்ந்தான். பின்னால் ஜன்னல் சிலேட்டுப் பலகை மாதிரி கறுத்துக் கிடந்தது. மேகம் கண்ணாடியில் வந்து ஒட்டியிருந்தது. கொடியும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை.

"அண்ணன்ட்டச் சரின்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லுங்க." அப்புறம், அவன் தொழிலில் யாரும் விற்கிறவரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டான். "இதுல உங்களுக்கு எது பிடிக்கும்?"

அவள் திரும்பி, அந்தக் கறுப்பில் மேலே ஓர் இடத்தைக் காட்டினாள். "அந்த ஓரத்துல ஒரு பச்சை. சின்னது. கீறல் விட்டிருக்கும். இப்பத் தெரியாது."

குருநாதன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அவள் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.